முடிவு ஓரிடத்தில், விளைவு வேறிடத்தில்: நிறுவன மென்பொருளும் புராடக்ட் மேனேஜரின் பொறுப்பும்

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. இந்திய நேரப்படி காலை 9.39 மணிக்கு, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் விண்டோஸ் கணினிகளுக்கு ஒரு சிறிய ஃபைலை அனுப்பியது. தவறு தெரிந்ததும், அனுப்பிய 78 நிமிடங்களில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதற்குள் சுமார் 85 லட்சம் கணினிகள் முடங்கிவிட்டன என்று மைக்ரோசாஃப்ட் பின்னர் மதிப்பிட்டது. டெல்டா விமான நிறுவனம் மட்டும் அடுத்த சில நாட்களில் ஏறத்தாழ 7,000 விமானங்களை ரத்து செய்தது. இந்திய விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸுடன் பயணிகள் வரிசையில் நின்றார்கள்.

அன்று எல்லோரும் கேட்ட கேள்வி, நிரலில் என்ன பிழை என்பது. அதற்கு விடை கிடைத்துவிட்டது. அந்த ஃபைலில் இருந்த விதி 21 தகவல்களை எதிர்பார்த்தது. அதைப் படிக்கும் நிரல் 20 தகவல்களை மட்டுமே தந்தது. இல்லாத இருபத்தோராவது தகவலைத் தேடி நினைவகத்தின் தவறான இடத்தைத் தொட்டதும் விண்டோஸ் நின்றுவிட்டது.

இந்த விடை முழுமையானதல்ல. பிழை எந்த மென்பொருளிலும் வரும். அது ஏன் ஒரே நேரத்தில் எல்லா வாடிக்கையாளருக்கும் போனது? புதிய பதிப்பு உடனே வேண்டாம், ஒரு பதிப்பு தாமதமாகவே எங்களுக்குத் தாருங்கள் என்று முன்கூட்டியே அமைத்து வைத்திருந்த நிறுவனங்களுக்கும் அது ஏன் போய்ச் சேர்ந்தது? இந்த இரண்டும் நிரல் எழுதுபவரிடம் கேட்கும் கேள்விகள் அல்ல. மென்பொருள் எப்படி நடந்துகொள்ள வேண்டும், எந்தக் கட்டுப்பாடு யார் கையில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தவர்களிடம் கேட்க வேண்டியவை. அந்த முடிவுகள் எடுக்கப்படும் இடத்துக்குப் பெயர் புராடக்ட் மேனேஜ்மென்ட்.

## அடிப்படை: யார் இந்த புராடக்ட் மேனேஜர்?

எதைச் செய்ய வேண்டும், யாருக்காக, எந்த வரிசையில், எதைச் செய்யவே கூடாது என்று தீர்மானிப்பவர் புராடக்ட் மேனேஜர். எப்படிச் செய்வது என்பது பொறியாளரின் பொறுப்பு. எந்தத் தேதிக்குள் என்பது புராஜெக்ட் மேனேஜரின் பொறுப்பு. பல நிறுவனங்களில் இந்த மூன்றும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. வேலையின் பெயரைக் கேட்டே குழப்பம் வருவதற்கு இது முதல் காரணம்.

இந்தப் பதவியின் வேர் மென்பொருளில் இல்லை. 1931இல் புராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தில் கேமே சோப்பின் விளம்பரத்தைக் கவனித்துவந்த நீல் மெக்எல்ராய், ஒவ்வொரு பிராண்டுக்கும் முழுப் பொறுப்பேற்க ஓர் ஆள் வேண்டும் என்று தன் மேலிடத்துக்கு மூன்று பக்கக் குறிப்பு எழுதினார். ஒரு பொருள், அதற்குப் பொறுப்பாக ஒரு மனிதர் என்ற ஏற்பாடு அங்கிருந்து பிற தொழில்களுக்குப் பரவிக் கணினித் துறைக்கும் வந்தது.

சோப்பு வாங்குகிறவர்தான் பெரும்பாலும் குளிக்கிறார். பிடிக்காவிட்டால் அடுத்த மாதம் வேறு சோப்பு வாங்குவார். நிறுவன மென்பொருளில் இந்தத் தொடர்பு அறுந்துவிடுகிறது. ஒரு நிறுவனம் தன் வேலைக்காக வாங்கி ஊழியர்கள் கையில் கொடுக்கும் மென்பொருளைத்தான் நிறுவன மென்பொருள் என்கிறோம்: வங்கியின் கணக்கு முறைமை, மருத்துவமனையின் நோயாளிப் பதிவேடு, ஆலையின் சரக்கு இருப்பு, சம்பளப் பட்டியல், கணினிப் பாதுகாப்பு. எஸ்ஏபி, ஆரக்கிள், சேல்ஸ்ஃபோர்ஸ் ஆகியவை உலகறிந்த பெயர்கள். 1996இல் தொடங்கிச் சென்னையில் வளர்ந்த ஸோஹோவும் 2010இல் அங்கேயே தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸும் இதே சந்தையில் நிற்பவை. அதனால்தான் தமிழ் இளைஞர்கள் பலருக்கு இது அன்றாட வேலையாகவும் இருக்கிறது.

ஒரு நிறுவன மென்பொருளைச் சுற்றி நிற்பவர்கள் இவர்கள்:

1. நாள் முழுவதும் திரையைப் பார்ப்பவர்: கவுன்டர் ஊழியர், செவிலியர், கணக்கர்.
2. பணம் கொடுக்க ஒப்புக்கொள்பவர்: நிதித் தலைவர், தகவல் தொழில்நுட்பத் தலைவர்.
3. அதை நிறுவி ஓட்டுபவர்: அட்மின். இரவு இரண்டு மணிக்கு அழைப்பு இவருக்குத்தான் வரும்.
4. வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் உள்ளவர்: தணிக்கை, சட்டம், பாதுகாப்புப் பிரிவுகள்.
5. அந்த மென்பொருளின் பெயரைக்கூடக் கேள்விப்படாதவர்: விமான நிலையத்தில் நிற்கும் பயணி.

கையெழுத்துப் போடுபவர் இரண்டாமவர். விளைவைச் சுமப்பவர்கள் முதலாமவரும் மூன்றாமவரும் ஐந்தாமவரும். நிறுவன மென்பொருளில் புராடக்ட் உத்தி என்று பேசப்படுவது அனைத்தும் இந்த இடைவெளியை எப்படிக் கையாள்கிறோம் என்பதில்தான் வந்து நிற்கிறது என்பது என் துணிபு.

## மூன்று கட்டங்கள், 89 கோடி டாலர்

முதலாமவரை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு நீதிமன்றப் பதிவில் உள்ள ஒரு நிகழ்வு உண்டு. 2020 ஆகஸ்டு 11 அன்று, ரெவ்லான் என்ற அழகுசாதன நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு சிட்டி வங்கி வட்டி அனுப்ப வேண்டியிருந்தது. தொகை சுமார் 78 லட்சம் டாலர். வெளியே போனதோ ஏறத்தாழ 89 கோடி டாலர்.

வங்கி பயன்படுத்தியது ஆரக்கிளின் ஃப்ளெக்ஸ்கியூப். சிட்டியே இந்தியாவில் தொடங்கிய மென்பொருள் நிறுவனத்தில் உருவாகிப் பிறகு ஆரக்கிள் கைக்குப் போன மென்பொருள் அது. அன்று செய்ய வேண்டிய வேலையை அதில் நேரடியாகச் செய்ய வழி இல்லை. முழுக் கடனையும் அடைப்பது போலப் பதிவு செய்து, அசல் தொகையை மட்டும் வங்கியின் உள் கணக்கு ஒன்றுக்குத் திருப்பிவிட வேண்டும். அப்படித் திருப்ப, திரையில் மூன்று கட்டங்களில் குறியிட வேண்டும்: 'பிரின்சிபல்', 'ஃப்ரன்ட்', 'ஃபண்ட்'. பதிவு செய்த ஊழியர் முதல் கட்டத்தில் மட்டும் குறியிட்டார். சரிபார்த்தவரும் அதுவே சரி என்று நினைத்தார். இறுதி ஒப்புதல் தந்தவரும் அப்படியே நினைத்தார். எச்சரிக்கை ஒன்று திரையில் வந்தது. பணம் வெளியே போகும் என்ற பொதுவான எச்சரிக்கை அது. எவ்வளவு போகும் என்று அது சொல்லவில்லை.

பணம் பெற்றவர்களில் ஒரு பகுதியினர் ஏறத்தாழ 50 கோடி டாலரைத் திருப்பித் தர மறுத்தார்கள். 2021 பிப்ரவரியில் நியூயார்க் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2022 செப்டம்பரில் மேல்முறையீட்டில்தான் அது மாறியது.

மூவரையும் கவனக்குறைவானவர்கள் என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் மூன்று பேர் தனித்தனியாகப் பார்த்து ஒரே தவறைச் செய்தார்கள் என்றால், தவறு அந்தத் திரையில் இருக்கிறது. 'ஃப்ரன்ட்' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று அதை வடிவமைத்தவருக்குத் தெரியும். நாள் முழுவதும் அதன் முன் உட்காருபவருக்குத் தெரியாது. "89 கோடி டாலர் வங்கிக்கு வெளியே செல்கிறது. தொடரவா?" என்ற ஒரே வரி அன்றைய நாளை மாற்றியிருக்கும். அந்த வரி ஏன் எவர் பட்டியலிலும் மேலே வரவில்லை? வாங்குபவரின் ஒப்பீட்டுப் பட்டியலில் 'எச்சரிக்கை வசதி உண்டா' என்று ஒரு கட்டம் இருக்கும். 'உண்டு' என்று எழுதினால் போதும். எச்சரிக்கை என்ன சொல்கிறது என்று அதில் யாரும் கேட்பதில்லை.

இதைவிடக் கொடிய எடுத்துக்காட்டு பிரிட்டனின் ஹொரைசன். ஃபுஜிட்சு உருவாக்கி, 1999 முதல் அங்குள்ள அஞ்சலகங்களில் பயன்படுத்தப்பட்ட கணக்கு மென்பொருள். கணக்கில் பணம் குறைவதாக அது காட்டியதை நம்பி, 900க்கும் மேற்பட்ட அஞ்சலக நடத்துநர்களும் ஊழியர்களும் திருட்டு, பொய்க் கணக்குக் குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள். மென்பொருளில் பிழைகள் இருந்தன என்று உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில் தீர்ப்பளித்தது. பெருந்திரளான தண்டனைகளை ரத்து செய்யத் தனிச் சட்டம் வந்தது 2024இல். அந்த வழக்கில் வெளிவந்த ஒரு சிறு விவரம் புராடக்ட் மேனேஜர்கள் மறக்கக் கூடாதது. குறையும் பணத்தை ஈடுகட்ட திரையில் வழிகள் இருந்தன. "இந்தக் கணக்கை நான் ஏற்கவில்லை" என்று பதிய அதே திரையில் வழி இல்லை. உதவி எண்ணுக்கு அழைத்துத்தான் சொல்ல வேண்டும். மென்பொருளை வாங்கியது அஞ்சல் நிறுவனம். மறுக்கும் பொத்தான் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

## வேகம் யார் கையில்?

மீண்டும் 2024 ஜூலைக்கு வருவோம். கிரவுட்ஸ்ட்ரைக்கின் மென்பொருளுக்கு இரண்டு வகைப் புதுப்பிப்புகள் இருந்தன.

முதல் வகை, கணினியில் ஓடும் மென்பொருளின் புதிய பதிப்பு. இதில் வாடிக்கையாளருக்குத் தேர்வுரிமை இருந்தது. ஆகப் புதியது, அதற்கு முந்தையது, அதற்கும் முந்தையது என்று மூன்றில் எதையும் வைத்துக்கொள்ளலாம். எச்சரிக்கையான நிறுவனங்கள் முக்கியமான கணினிகளில் ஒரு படி பின்தங்கியே இருந்தன.

இரண்டாம் வகை, புதிய தாக்குதல் முறைகளை அடையாளம் காட்டும் விதிகள் அடங்கிய ஃபைல். இதற்கு அந்தத் தேர்வுரிமை இல்லை. நிறுவனம் வெளியிட்டதும் எல்லோருக்கும் போகும்.

இதை வெறும் அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. ஊடுருவுபவர்கள் சில மணி நேரத்தில் பரவுகிறார்கள். பாதுகாப்பு விதி மூன்று நாள் காத்திருந்தால் அதை வாங்கியதன் பயனே போய்விடும். வேகம் வேண்டும் என்ற முடிவில் நியாயம் இருக்கிறது. கோளாறு அந்த முடிவுக்கு அடியில் இருந்த ஒரு நம்பிக்கையில். விதி ஃபைல் என்பது நிரல் அல்ல, வெறும் தகவல். தகவலால் கணினி விழாது என்ற நம்பிக்கை அது. அதைப் படிக்கும் நிரலோ விண்டோஸின் மையப் பகுதியில் ஓடுவது. அங்கே ஒரு தவறு நேர்ந்தால் கணினியே நின்றுவிடும்.

அந்த நம்பிக்கைக்கு வலுச் சேர்த்த காரணமும் உண்டு. அதே வகை விதிகள் மார்ச், ஏப்ரல் மாதங்களில் சிக்கலின்றி வெளியாகியிருந்தன. இருபத்தோராவது இடத்தில் எதுவாக இருந்தாலும் சரி என்ற பொதுக்குறி அவற்றில் இருந்ததால், நிரல் அந்த இடத்தைத் தேடிப் போகவே இல்லை. ஜூலையில் முதல் முறையாக அங்கே குறிப்பிட்ட மதிப்பு ஒன்று வந்தது. ஃபைலைச் சோதிக்கும் கருவியும் 21 வரும் என்று எண்ணிச் சரி சொல்லிவிட்டது.

அதன் பிறகு நடந்ததுதான் மூன்றாமவரின் கதை. விழுந்த கணினியை இணையம் வழியாகச் சரிசெய்ய முடியவில்லை. அட்மின்கள் ஒவ்வொரு கணினிக்கும் போய், சேஃப் மோடில் திறந்து, அந்த ஃபைலை அழிக்க வேண்டியிருந்தது. வட்டு பூட்டப்பட்டிருந்தால் முதலில் 48 இலக்க மீட்பு எண்ணைத் தட்ட வேண்டும். அந்த எண்களைச் சேமித்து வைத்திருந்த சர்வரும் விழுந்திருந்த இடங்களில் அவர்கள் பட்ட பாடு சொல்லி மாளாது.

நிறுவனம் பின்னர் அறிவித்த மாற்றங்களில் முக்கியமானவை இரண்டு: விதி ஃபைல்களையும் படிப்படியாக, சிறு கூட்டத்துக்கு முதலில் என்று வெளியிடுவது, அவற்றை எப்போது ஏற்பது என்ற கட்டுப்பாட்டை வாடிக்கையாளருக்கும் தருவது. இரண்டும் புராடக்ட் முடிவுகள். இரண்டும் பேரிடருக்கு முன்பே எடுத்திருக்கக் கூடியவை.

இங்கிருந்து மாற்றத்தின் வேகத்தை வகுக்கச் சில விதிகள் கிடைக்கின்றன:

1. ஒரு மாற்றத்தின் ஆபத்தை அதன் அளவைக் கொண்டு அளக்கக் கூடாது; தவறினால் எவ்வளவு தூரம் பரவும், மீட்க எத்தனை கைகள் வேண்டும் என்பதைக் கொண்டு அளக்க வேண்டும்.
2. வாடிக்கையாளருக்குக் கட்டுப்பாடு தருகிறோம் என்று சொன்னால், அது எல்லா வழிகளுக்கும் பொருந்த வேண்டும். முன்கதவுக்குப் பூட்டு கொடுத்துவிட்டுப் பின்கதவைத் திறந்து வைத்திருப்பதை ஒப்பந்தத்திலாவது தெளிவாகச் சொல்ல வேண்டும்.
3. தேதி முன்பே தெரிந்திருப்பது பாதிப் பாதுகாப்பு. மைக்ரோசாஃப்ட் 2003 அக்டோபர் முதல் மாதத்தின் இரண்டாம் செவ்வாயன்று பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடுகிறது. சேல்ஸ்ஃபோர்ஸ் ஆண்டுக்கு மூன்று முறை பெரிய வெளியீடு தந்து, அதற்கு முன் சோதனைத் தளத்தில் ஓட்டிப் பார்க்க வாய்ப்பும் தருகிறது. அட்மின்கள் தங்கள் விடுப்பைக்கூட இதை வைத்துத் திட்டமிட முடியும்.

## "எங்களுக்கு மட்டும் ஒரு சின்ன மாற்றம்"

பெரிய வாடிக்கையாளர் ஒருவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் ஒரு வசதி கேட்கிறார். விற்பனைப் பிரிவு அந்தக் காலாண்டின் கடைசி வாரத்தில் இருக்கிறது. நிறுவன மென்பொருளில் இது அடிக்கடி வரும் நெருக்கடி. வழக்கமான சமாதானம்: அவர்களுக்கு மட்டும் ஒரு சுவிட்ச் வைத்துவிடலாம், மற்றவர்களுக்கு அது அணைந்தே இருக்கும்.

கணக்கைப் பாருங்கள். மூன்று சுவிட்சுகள் இருந்தால் மென்பொருள் 8 வித நிலைகளில் இருக்கலாம். பத்து இருந்தால் 1,024. இருபது இருந்தால் பத்து லட்சத்துக்கும் மேல். எந்தச் சோதனைக் குழுவும் அத்தனையையும் பார்க்காது. எனவே ஒவ்வொரு வாடிக்கையாளரும் வேறு எவரும் சோதித்திராத ஒரு சேர்க்கையை ஓட்டிக்கொண்டிருப்பார்.

கேட்டவரிடம் முடியாது என்று சொல்வதோடு திறமை முடிவதில்லை. கேட்பதற்குப் பின்னால் உள்ள வேலையைக் கண்டுபிடிக்க வேண்டும். 'அறிக்கையை எக்செலில் தரவேண்டும்' என்று ஒரு வங்கி கேட்டால், அந்த எக்செல் யாருக்குப் போகிறது, அவர் அதில் என்ன செய்கிறார் என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் அவர் இரண்டு நெடுவரிசைகளைக் கூட்டி மேலதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புவார். அந்தக் கூட்டல் மென்பொருளிலேயே வந்தால் பத்து வாடிக்கையாளர்களுக்குப் பயன்படும், சுவிட்சே தேவைப்படாது.

## முடித்து வைப்பதும் புராடக்ட் வேலைதான்

தொடங்குவதைப் பற்றிப் பேசும் அளவுக்கு முடிப்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நிறுவன மென்பொருளில் அதுவே கடினமான பகுதி.

எஸ்ஏபி நிறுவனம் 2015 பிப்ரவரியில் எஸ்/4ஹானா என்ற புதிய தலைமுறையை அறிமுகப்படுத்தியது. பழைய ஈசிசி பதிப்புக்கான பராமரிப்பு 2025இல் முடியும் என்றிருந்தது. 2020 பிப்ரவரியில் அதை 2027 இறுதி வரை நீட்டித்தது. கூடுதல் கட்டணம் செலுத்தினால் 2030 வரை என்றது. பத்தாண்டுக்கு மேல் நேரம் கொடுத்தும் வாடிக்கையாளர்கள் ஏன் நகரவில்லை?

அவர்கள் தங்களுக்காக எழுதிவைத்த நிரல்களே முக்கியக் காரணம். வாடிக்கையாளர் சொந்தமாகச் சேர்க்கும் நிரல்களின் பெயர் இசட் அல்லது ஒய் எழுத்தில் தொடங்க வேண்டும் என்பது எஸ்ஏபி விதி. இருபது ஆண்டு ஓடிய ஓர் ஆலையில் இத்தகைய நிரல்கள் ஆயிரக்கணக்கில் இருப்பது அரிதல்ல. எது பயன்பாட்டில் இருக்கிறது, எது செத்துவிட்டது என்று சொல்லக்கூடியவர் ஓய்வுபெற்றுப் போயிருப்பார். சென்னையிலும் பெங்களூரிலும் பல ஆலோசகர்கள் இந்தக் குவியலைப் பிரித்துப் பார்ப்பதையே பிழைப்பாகக் கொண்டிருக்கிறார்கள். ஒரு காலத்தில் நெகிழ்வுத்தன்மை என்று விற்கப்பட்டது, இன்று விற்றவருக்கும் வாங்கியவருக்கும் சேர்த்துக் கால்விலங்காகியிருக்கிறது.

தேதி கடந்தாலும் பொறுப்பு கழிவதில்லை. விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்று முடிந்தது. 2017 மே மாதம், கணினியைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற தீய நிரல் பரவியபோது, முடித்துவிட்ட அந்தப் பதிப்புக்கும் மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. இந்திய வங்கிகளின் ஏடிஎம்கள் பல அப்போதும் எக்ஸ்பியில் ஓடிக்கொண்டிருந்தன. 2018 ஜூனில் ரிசர்வ் வங்கி தலையிட்டு, 2019 ஜூனுக்குள் எல்லா ஏடிஎம்களையும் படிப்படியாக மாற்றும்படி கெடு விதிக்க வேண்டியிருந்தது.

ஆகவே முடிக்கும் திட்டத்தில் தேதிக்கு முன் இடம்பெற வேண்டியது வெளியேறும் வழி: தரவை எடுத்துச் செல்லும் கருவி, பழையதில் எது புதியதில் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை, நகர முடியாதவர்கள் யார் என்ற நேர்மையான கணக்கு.

## சட்டம் எழுதும் ரோட்மேப்

அடுத்த ஓராண்டில் எதை, எப்போது செய்யப்போகிறோம் என்ற திட்ட வரைவை ரோட்மேப் என்பார்கள். கணக்கு மென்பொருளில் அதன் பெரும்பகுதியை அரசாணைகளே எழுதிவிடும்.

ஜிஎஸ்டி மின் விலைப்பட்டியல், அதாவது ஒவ்வொரு பில்லையும் அரசுத் தளத்தில் பதிவு செய்யும் முறை, 2020 அக்டோபர் 1 அன்று 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்குக் கட்டாயமானது. வரம்பு பிறகு 2021 ஜனவரியில் 100 கோடி, அதே ஏப்ரலில் 50 கோடி, 2022 ஏப்ரலில் 20 கோடி, அக்டோபரில் 10 கோடி, 2023 ஆகஸ்டில் 5 கோடி என இறங்கிக்கொண்டே வந்தது. சட்டத்தின் பார்வையில் இது ஒரே விதி, எண் மட்டும் மாறுகிறது. புராடக்ட் மேனேஜருக்கோ ஒவ்வொரு படியிலும் எதிரில் இருக்கும் மனிதர் மாறுகிறார். 500 கோடி நிறுவனத்தில் கணினிப் பிரிவு இருக்கிறது. அரசுத் தளத்தோடு தங்கள் முறைமையை அவர்களே இணைத்துக்கொள்வார்கள். 5 கோடி விற்றுமுதல் உள்ள திருப்பூர் பின்னலாடைப் பட்டறையில் ஒரே கணக்கர். சரக்கு லாரியில் ஏறி நிற்கிறது. 64 எழுத்துகள் கொண்ட பதிவெண்ணும் க்யூஆர் குறியீடும் வராமல் பில் அச்சாகாது. அரசுத் தளம் பதில் தராதபோது அவருக்குத் திரை என்ன சொல்ல வேண்டும்? 'பிழை எண்' என்று ஏதோ ஓர் இலக்கத்தைக் காட்டினால் அவர் ஆடிட்டர் அலுவலகத்துக்குத்தான் போன் செய்வார்.

இன்னொன்று, 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளுக்கு நடைமுறைக்கு வந்த விதி. கணக்கு மென்பொருள் ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியோடு பதிய வேண்டும். அந்தப் பதிவை அணைக்க முடியக்கூடாது. கம்பெனியாகப் பதிவு செய்யாத கடைக்காரருக்கு இந்தக் கட்டாயம் இல்லை. இருவருக்கும் ஒரே மென்பொருளை விற்பவர் என்ன செய்வது? டேலி என்ற கணக்கு மென்பொருள் நிறுவனம் இதற்கெனத் திருத்தப் பதிவை அணைக்கவே முடியாத தனிப் பதிப்பை வெளியிட்டது; வழக்கமான பதிப்பில் அது விருப்பத் தேர்வாக இருந்தது. ஒரே பதிப்பில் சுவிட்ச் வைத்திருந்தால் 'அணைக்க முடியாது' என்று தணிக்கையாளரிடம் நிரூபிப்பது சிக்கல். இங்கே பதிப்பைப் பிரித்ததுதான் சரியான முடிவு என்று நினைக்கிறேன்.

## விலையும் ஒரு வசதிதான்

ஆளுக்கு இவ்வளவு என்று விலை வைத்தால், நிறுவனங்கள் ஒரே கடவுச்சொல்லை ஐந்து பேரிடம் கொடுக்கும். யார் எதைச் செய்தார் என்ற பதிவு பொய்யாகும். பரிவர்த்தனைக்கு இவ்வளவு என்றால், சோதனை ஓட்டங்களைக் குறைப்பார்கள். விலையின் அலகு பயன்பாட்டையே வளைக்கும்.

அலகை நடுவில் மாற்றுவது இன்னும் வலிக்கும். பிராட்காம் நிறுவனம் 2023 நவம்பரில், ஒரே சர்வரில் பல கணினிகளை ஓட்ட உதவும் மென்பொருளை விற்கும் விஎம்வேரை வாங்கி, அடுத்த மாதமே நிரந்தர உரிம விற்பனையை நிறுத்திச் சந்தா முறைக்கு மாற்றியது. மென்பொருளின் நிரல் அப்படியேதான் இருந்தது. வாடிக்கையாளர்களின் ஐந்தாண்டு பட்ஜெட் கலைந்தது.

## எந்தத் திறன்கள் வேண்டும்?

1. தவறும் வழியைக் கேட்கும் தொழில்நுட்ப அறிவு. நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. 'இந்த ஃபைல் தவறாக இருந்தால் மென்பொருள் என்ன செய்யும்? அதை எப்படித் திரும்பப் பெறுவோம்? இணையம் இல்லாவிட்டால்?' என்று கேட்கவும், கிடைக்கும் பதிலில் உள்ள ஓட்டையைப் பிடிக்கவும் தெரிய வேண்டும்.

2. பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது. வாங்குபவரோடு நடக்கும் கூட்டங்களில் முதலாமவர் இருக்க மாட்டார். அவர் இருக்கைக்குத்தான் போக வேண்டும். அங்கே மானிட்டரின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் துண்டுச் சீட்டுகளைப் படியுங்கள். 'இங்கே அழுத்தாதே', 'முதலில் சேவ்' என்று கையால் எழுதியவை. ஒவ்வொன்றும் மென்பொருள் சொல்ல மறந்த வரி.

3. ஒப்பந்தத்தையும் அரசாணையையும் படிப்பது. சேவைத் தர உறுதி, தரவு எங்கே இருக்கும், ஒப்பந்தம் முடிந்தால் தரவு எந்த வடிவில் திரும்பக் கிடைக்கும். இவை சட்டப் பிரிவின் வேலை என்று விட்டுவிடுபவர், தான் என்ன வாக்குக் கொடுத்திருக்கிறோம் என்றே தெரியாமல் ரோட்மேப் போடுவார்.

4. எண்ணுவதைத் தேர்ந்தெடுப்பது. எத்தனை வசதிகள் வெளியிட்டோம் என்பது அளவுகோல் அல்ல. மாதக் கடைசியில் கணக்கு முடிக்க எத்தனை மணி நேரம் ஆகிறது, எத்தனை முறை உதவி எண்ணுக்கு அழைக்கிறார்கள், எத்தனை பேர் இன்னும் பழைய பதிப்பில் இருக்கிறார்கள் என்பவை அளவுகோல்கள்.

5. எழுதுவது. சேவை நிறுவனங்களில் இருந்து புராடக்ட் வேலைக்கு வரும் நம் இளைஞர்களிடம் தொழில்நுட்பமும் உழைப்பும் நிறையவே இருக்கின்றன. குறைவது பெரும்பாலும் இந்த ஒன்றுதான், பயிற்சியால் எளிதில் வரக்கூடியதும் இதுதான். புதிய வெளியீட்டோடு போகும் குறிப்பை எடுத்துக்கொள்வோம். வழக்கமாக வருவது இப்படி இருக்கும்: "சில மேம்பாடுகளும் பிழைத் திருத்தங்களும் செய்யப்பட்டுள்ளன." இதை வைத்துக்கொண்டு அட்மின் எதையும் முடிவு செய்ய முடியாது. அவருக்குத் தேவைப்படுவது இது: "ஜூலை 1 முதல் விலைப்பட்டியல் ஏற்றுமதி ஃபைலில் ஜிஎஸ்டி எண் மூன்றாம் நெடுவரிசையில் இருந்து ஐந்தாம் நெடுவரிசைக்கு மாறுகிறது. இந்த ஃபைலை வேறு மென்பொருள் படிக்கும்படி அமைத்திருந்தால் மட்டுமே உங்களுக்குப் பாதிப்பு. மே 15 முதல் சோதனைத் தளத்தில் ஓட்டிப் பார்க்கலாம். பழைய வடிவம் டிசம்பர் 31 வரை அமைப்புகள் பக்கத்தில் கிடைக்கும்." இந்த நான்கு வரிகளை எழுத உட்கார்ந்தால், யாருக்குப் பாதிப்பு என்று பொறியாளரிடம் கேட்டாக வேண்டும், பழைய வடிவத்தை வைத்திருக்க ஆகும் செலவை ஒப்புக்கொண்டாக வேண்டும். தேதியை முதலில் ஏப்ரல் 1 என்று போட்டிருந்தால், அது ஆண்டுக் கணக்கு முடிக்கும் வாரம் என்பது நினைவுக்கு வந்து, அதைத் தள்ளிப் போட்டாக வேண்டும்.